ஹம்முராபிக்குப் பின் பாபிலோனை ஆண்ட ஐவர்: அவர்களை எப்படி மதிப்பிடுவது?

எருவில் வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், பாபிலோனின் முதலாவது அரச மரபான அமோரியரைப் பற்றிப் பேசும் பொறுப்பை இம்முறை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வேதாகமத் தமிழில் எமோரியர் என்று வழங்கும் பெயரைத்தான் வரலாற்று நூல்கள் அமோரியர் என்று எழுதுகின்றன என்பதால், பெயரளவிலாவது கூட்டத்துக்கு வருபவர்களுக்கு இது முற்றிலும் புதியதாக இருக்காது.

ஹம்முராபி வரை குறிப்பெடுப்பதில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. அவன் கி.மு. 1792 முதல் 1750 வரை ஆண்டான்; லார்சாவையும் எஷ்னுன்னாவையும் மாரியையும் வென்றான்; சட்டத்தைக் கல்லிற் பொறித்தான். அதற்குப் பிறகு என் கையிலுள்ள புத்தகங்கள் எல்லாம் முடிவை நோக்கி ஓடிவிடுகின்றன. சம்சு-இலூனா, அபி-எசூஹ், அம்மி-தித்தானா, அம்மி-சதூக்கா, சம்சு-தித்தானா என்று ஐந்து பெயர்களைச் சொல்லி, பேரரசு நலிவுற்றது என்று ஒரு வரி எழுதி, அடுத்த பந்தியில் இன்றைய துருக்கியிலிருந்த ஹிட்டைட்டுகளைக் கொண்டுவந்து நகரைச் சூறையாட விட்டுவிடுகிறார்கள். நான் அவர்களுடைய ஆட்சி ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். 38, 28, 37, 21, 31 என மொத்தம் 155 வருகிறது. ஹம்முராபி ஆண்டதோ 43 ஆண்டுகள். ஐந்து தலைமுறைக் காலம் நலிந்துகொண்டே இருந்த ஓர் அரசு, தந்தையிடமிருந்து மகனுக்கு என்று அறுபடாமல் எப்படி நின்றது என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு குழப்பம் காலக்கணக்கு. பாபிலோன் வீழ்ந்தது கி.மு. 1595 என்று ஒரு நூலில் இருக்கிறது, 1531 என்று இன்னொன்றில் இருக்கிறது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று மூன்றாவதைப் புரட்டினால் அங்கே 1499 என்று போட்டிருக்கிறது.

வருகிறவர்களில் பாதிப்பேர் வயல் செய்பவர்கள், மீதிப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்கள் முன்னால் ஒரு பெயர்ப்பட்டியலை வாசித்துவிட்டு இறங்க எனக்கு மனமில்லை. இந்த ஐவரைப் பற்றி அறிந்தவர்கள் எழுதி உதவ வேண்டும்.


கல்லடி ஆசிரியை (பதில்)

தம்பி, உங்கள் கூட்டலும் சரி, சந்தேகமும் சரி. நீண்ட காலம் உயர்தர மாணவருக்கு வரலாறு படிப்பித்தவள் என்ற முறையில் அந்த ஒற்றை வரியை நானும் பல தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆகவே அதைத் திருத்தும் கடமை எனக்கு இருப்பதாகவே நினைக்கிறேன்.

நலிவு என்ற சொல்லை 155 ஆண்டுகளுக்கும் ஒரே சீராகப் பூசிவிடுவதுதான் பிழை. நிலம் கைவிட்டுப் போனது பெரும்பாலும் முதலாமவனான சம்சு-இலூனாவின் காலத்தில், அதுவும் அவனுடைய 8ஆம் ஆண்டுக்கும் 30ஆம் ஆண்டுக்கும் இடையில் நடந்து முடிந்தது. பின்வந்த நால்வரும் ஏற்கெனவே சிறுத்துப்போன ஒரு நாட்டைத்தான் பெற்றார்கள். பெற்றதை நூறாண்டுக்கு மேல் காத்தார்கள். விழுந்துகொண்டிருந்தவர்கள் என்றும் சிறிய வீட்டில் ஒழுங்காகக் குடித்தனம் நடத்தியவர்கள் என்றும் சொல்வதற்கு இடையில் நிறைய வேறுபாடு இருக்கிறது.

சம்சு-இலூனா அரியணை ஏறிய விதமே உருக்கமானது. தந்தையாகிய அரசர் நோயுற்றிருக்கிறார், நாட்டை நடத்துவதற்காக நான் அவருடைய அரியணையில் அமர்ந்திருக்கிறேன் என்ற பொருள்பட அவன் ஓர் அதிகாரிக்கு எழுதிய கடிதம் களிமண் ஏட்டில் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதே கடிதத்தில் நிலுவைகளைத் தள்ளுபடி செய்ததையும் தெரிவிக்கிறான். கி.மு. 1749இல் இப்படித் தொடங்கிய ஆட்சியில் எட்டாவது, ஒன்பதாவது ஆண்டுகளில் தெற்கே பெருங்கலகம் வெடித்தது. லார்சாவில் இரண்டாம் ரிம்-சின் என்பவன் தன்னை அரசனாக அறிவித்தான். ஊர், உருக் என்ற பெயர்கொண்ட தெற்கு நகரங்களிலும் தனித்தனி அரசர்கள் எழும்பினார்கள். தன்னை எதிர்த்து எழுந்த 26 அரசர்களை வீழ்த்தியதாகச் சம்சு-இலூனா கல்வெட்டில் கூறிக்கொள்கிறான். பிற்காலத்தில் பாபிலோனையே ஆளப்போகும் காசைட்டுகளின் படை ஆண்டுப் பெயர்களில் முதலில் தலைகாட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

ஆண்டுப் பெயர் என்றால் என்ன என்று உங்கள் கூட்டத்தில் நிச்சயம் கேட்பார்கள். பாபிலோனியர் ஆண்டுகளுக்கு எண் இடவில்லை. அரசன் செய்த ஒரு காரியத்தின் பெயரை இட்டார்கள். நம்முடைய பிரபவ, விபவ போலச் சுற்றிவரும் பெயர்களல்ல. 1978ஐ நாம் சூறாவளி அடித்த வருடம் என்றும் 2004ஐச் சுனாமி வந்த வருடம் என்றும் சொல்கிறோமே, அதற்குத்தான் அது நெருக்கம். ஊர், உருக் ஆகியவற்றின் மதில்களை இடித்த ஆண்டு என்று சம்சு-இலூனாவின் 11ஆம் ஆண்டுக்குப் பெயர். அந்தப் பெயரோடு ஊரிலும் உருக்கிலும் லார்சாவிலும் எழுதிய ஏடுகள் நின்றுவிடுகின்றன. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து நிப்பூரும் இசினும் மௌனமாகின்றன. போர் மட்டும் காரணமல்ல, யூப்பிரட்டீசின் நீர் தெற்கு வாய்க்கால்களுக்கு வராமற் போனதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். தெற்குச் சதுப்பு நிலத்தில் இலூமா-இலு என்பவன் தனி அரசை நிறுவினான். அதைத்தான் நூல்கள் கடல்நாட்டு அரச மரபு என்கின்றன.

வெறிச்சோடிய அந்த நகரங்களின் மக்கள் மறைந்துவிடவில்லை. உருக்கின் பூசகர் குடும்பங்கள் வடக்கே கீஷ் நகரில் குடியேறின. தங்கள் தெய்வமான இனன்னாவின் வழிபாட்டையும் அங்கே கொண்டுபோனார்கள். நிப்பூரின் கோயிற் பணியாளர் பின்னாளில் தூர்-அபி-எசூஹ் என்ற கோட்டையில் இருந்தபடி, கைவிடப்பட்ட தங்கள் கோயிலின் கணக்குகளை எழுதிவந்திருக்கிறார்கள். 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது என் பெரியம்மா சமையற் பாத்திரங்களை விட்டுவிட்டுச் சாமியறையிலிருந்த சிறிய வேலைத்தான் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். கீஷில் கண்டெடுத்த அந்த ஏடுகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முடிச்சு நினைவுக்கு வருகிறது.


மண்டூர் வயற்காரன் (பதில்)

ரீச்சர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் வரலாறு படித்தவனல்லன், படுவான்கரையில் வயல் செய்பவன். ஆனாலும் அபி-எசூஹ் தைகிரிஸ் ஆற்றை மறித்த கதையைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

சம்சு-இலூனாவின் மகனான இந்த அபி-எசூஹ், சதுப்புக்குள் ஒளிந்திருந்த இலூமா-இலுவைப் பிடிப்பதற்காகத் தைகிரிஸ் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டினான் என்றும், ஆற்றை மறித்தான் ஆயினும் ஆளைப் பிடிக்கவில்லை என்றும் பிற்காலத்து ஏடு ஒன்று கூறுகிறது. வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாதபடி, அவன் தன் ஆண்டு ஒன்றுக்கே தைகிரிசை மறித்த ஆண்டு என்று பெயரிட்டிருக்கிறான்.

தண்ணீரோடு பழகியவர்களுக்கு இதன் உள்நோக்கம் உடனே விளங்கும். நாணலும் சேறுமாக இருக்கும் சதுப்புக்குள் தேரும் போகாது, காலாட்படையும் போகாது. அங்கே இருப்பவனுக்கு வள்ளமும் மீனும் போதும். அவனை வெளியே எடுக்க வேண்டுமானால் மேலே வருகிற நீரை நிறுத்திக் கீழே உள்ள நிலத்தைக் காய விட வேண்டும். திட்டம் சரிதான். ஆனால் சமதரையில் ஆறு நாம் சொன்னபடி நிற்காது. மாரி மழைக்கு வாவி நிறைந்து வயலுக்குள் தண்ணீர் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் ஒரு மண்வெட்டி அகலத்துக்குத் தொடங்கும் வெட்டு, பின்னேரம் ஆகும்போது எந்தப் பக்கம் எவ்வளவு அகலத்துக்குப் பிய்த்துக்கொண்டு போகும் என்பதை வெட்டியவனே சொல்ல முடியாது. வாவிக்கே அப்படியென்றால் தைகிரிசுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த அரசர்களை நான் மதிப்பது வாய்க்கால் வெட்டியதற்காக. ஹம்முராபி வெட்டிய பெரிய வாய்க்காலுக்கு, மக்களின் செழிப்பு ஹம்முராபி என்று பொருள்படும் பெயர் இருந்தது. அபி-எசூஹ் தன் கோட்டையை அந்த வாய்க்காலின் அணைக்கட்டுப் பக்கத்தில்தான் கட்டினான். அவனுடைய பேரன் அம்மி-சதூக்கா தன் 16ஆம் ஆண்டில் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டி, அதற்கும் மக்களின் செழிப்பு அம்மி-சதூக்கா என்றே பெயரிட்டான். நாட்டின் பாதி போன பின்னும் வாய்க்கால் வெட்டுகிறவன் விவசாயியை நம்பி இருக்கிறவன்.

அம்மி-சதூக்கா கடன்களைத் தள்ளுபடி செய்தான் என்றும் கேள்விப்பட்டேன். அதைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் நல்லது, ஏனென்றால் எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் விதைநெல்லுக்கும் பசளைக்கும் முன்பணம் வாங்கி வெட்டுக்குப் பின் நெல்லாகக் கொடுக்கிறோம். ஒரு போகத்துக் கடனை அரசாங்கம் இல்லையென்று ஆக்கினால், அடுத்த போகத்துக்கு எந்த முதலாளி முன்பணம் தருவான்?


அக்கரைப்பற்று அரபு ஆசிரியர் (பதில்)

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம். வயற்காரர் கேட்டதை ரீச்சர் விளக்குவார் என்று நம்பி, நான் பெயர்களைப் பற்றி எழுதுகிறேன். அரபு படிப்பிக்கிறவனுக்கு இந்தப் பெயர்கள் அந்நியமாகவே தோன்றுவதில்லை.

அமோரியரின் மொழி அரபுக்கும் ஹீப்ருவுக்கும் உறவான செமித்திய மொழி. அம்மி-சதூக்கா என்ற பெயரிலுள்ள அம்மு, அரபில் இன்றும் தந்தையின் உடன்பிறந்தானைக் குறிக்கும் அம்மு என்ற சொல்லேயாகும். நாம் பெரியப்பா, சாச்சா என்று அழைக்கும் உறவு அது. சதூக்கா என்பது உண்மையையும் நேர்மையையும் குறிக்கும் வேர். சம்சு என்றால் அரபின் ஷம்ஸ், அதாவது சூரியன். அபி என்றால் என் தந்தை. ஹம்முராபி என்ற பெயரின் முற்பகுதியும் இந்த அம்முதான். பாபிலோனிய அறிஞர்களுக்கே இந்தப் பெயர்கள் வேற்று மொழியாகப் பட்டதால், பிற்காலத்தில் அவற்றைத் தங்கள் அக்காது மொழியில் பெயர்த்து ஒரு பட்டியல் எழுதி வைத்தார்கள். அதில் ஹம்முராபிக்குப் பரந்த குடும்பம் என்றும், அம்மி-சதூக்காவுக்கு நேர்மையான குடும்பம் என்றும் பொருள் எழுதியிருக்கிறார்கள். தந்தைவழி உறவைக் குறித்த சொல்லை முழுக் குடும்பம் என்று அவர்கள் விரித்துக்கொண்டதைக் கவனியுங்கள். குடியும் வயிற்றுவாரும் தாய்வழியில் எண்ணப்படுகிற நம்முடைய கிழக்கு மாகாணத்தில் ஒரு குடும்பத்தை எந்தப் பக்கத்தால் எண்ணுவது என்பது பழகிய கேள்வி. அமோரியர் தந்தை பக்கத்தால் எண்ணினார்கள்.

இன்னொரு செய்தியும் இங்கே கவனிக்கத்தக்கது. ஹம்முராபிக்கு முன்னோர் பாபிலோனில் ஊன்றி வாழ்ந்து, அபில்-சின், சின்-முபல்லித் என்று அக்காதுப் பெயர்களைச் சூடத் தொடங்கியிருந்தார்கள். ஹம்முராபிக்குப் பின்வந்தவர்களோ மறுபடியும் பழைய அமோரியப் பெயர்களுக்கே திரும்பினார்கள். அம்மி-தித்தானா, சம்சு-தித்தானா என்ற பெயர்களில் வரும் தித்தானா, அவர்களுடைய மிகப் பழைய குலத்தின் பெயர். நாடு சிறுக்கச் சிறுக்க வேரை இறுகப் பிடித்தார்கள் என்பது என் கருத்து.

அந்த வேரை முழுதாகக் காட்டும் ஏடு ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1966இல் ஃபிங்கெல்ஸ்டைன் என்ற அறிஞர் அதை வெளியிட்டார். அம்மி-சதூக்கா தன் முன்னோருக்குப் படையல் இடும்போது வாசிப்பதற்காக எழுதிய ஏடு அது. அந்தச் சடங்குக்குக் கிஸ்பூ என்று பெயர். முதலில் கூடாரத்தில் வாழ்ந்த காலத்துக் குலமுதல்வர்களின் பெயர்கள் வருகின்றன. அவற்றில் தித்தானாவும் ஒன்று. அவற்றைத் தொடர்ந்து சுமு-லா-எல் முதலான பாபிலோன் அரசர்கள், ஹம்முராபி, சம்சு-இலூனா, அபி-எசூஹ், அம்மி-தித்தானா என்று பெயர்கள் இறங்கி வருகின்றன. பட்டியல் அத்தோடு நின்றிருந்தால் அது ஓர் அரச குடும்பத்தின் சொந்தக் காரியம். நிற்கவில்லை. அரசனுக்காக ஆபத்தான போருக்குப் போய் விழுந்த வீரர்களும், அரச குமாரர்களும் குமாரத்திகளும், கிழக்கிலிருந்து மேற்கு வரை பேணுவாரும் பெயர் சொல்லி அழைப்பாரும் இல்லாத எல்லா மனிதரும் வாருங்கள், இதை உண்ணுங்கள், இதைக் குடியுங்கள், அம்மி-தித்தானாவின் மகன் அம்மி-சதூக்காவை வாழ்த்துங்கள் என்று அந்த ஏடு முடிகிறது.

வாசகர் வட்டத் தம்பிக்கு என்னுடைய யோசனை, பேச்சை இந்த ஏட்டிலிருந்து தொடங்குங்கள் என்பதே. பேர் சொல்ல ஆளில்லாமல் போனவர்கள் என்றால் யார் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.


எருவில் வாசகன்

மௌலவி, இதை வாசித்தபின் நெடுநேரம் வேறு எதையும் வாசிக்க முடியவில்லை. ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தத்தில் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, தெரிந்த பெயர்கள் முடிந்த பிறகு ஐயர் ஒரு கணம் நிறுத்தி, வேறு யாரும் உண்டா என்று கேட்பார். என் அம்மா எப்போதும், பெயர் தெரியாதவர்களுக்கும் சேர்த்து என்பார். நீங்கள் சொன்னபடியே அந்த ஏட்டிலிருந்து தொடங்குகிறேன். கடன் தள்ளுபடி பற்றி ரீச்சர் எழுத வேண்டும் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.


கல்லடி ஆசிரியை

எழுதுகிறேன். வயற்காரத் தம்பியின் சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் உண்டு. அதைவிட முக்கியமாக, அந்தக் கட்டளையை எழுதியவர்களுக்கே உண்டு.

அரசன் அரியணை ஏறியதும் மீஷரூ என்ற ஒன்றை அறிவிப்பான். நாட்டை நேராக்குதல் என்பது அதன் பொருள். நீண்ட ஆட்சியாயின் இடையிலும் அறிவிப்பான். ஹம்முராபியும் செய்திருக்கிறான், சம்சு-இலூனா அரியணை ஏறியதும் செய்ததை மேலே சொன்னேன். ஆனால் மிகுதியாக வாசகம் எஞ்சியிருப்பது அம்மி-சதூக்காவின் கட்டளைக்குத்தான். கி.மு. 1646இல் அரசனானதும் அவன் வெளியிட்டது அது.

அக்காது நாட்டானுக்கோ அமோரியனுக்கோ வாற்கோதுமையையோ வெள்ளியையோ வட்டிக்குக் கொடுத்து ஏடு எழுதிக்கொண்டவனின் ஏடு செல்லாது. கடனுக்காகத் தன்னையோ மனைவியையோ பிள்ளைகளையோ அடிமையாகவோ அடகாகவோ வைத்தவன் விடுதலை பெறுகிறான். அரசனுக்குச் சேரவேண்டிய வரி நிலுவைகளும் தள்ளுபடியாகின்றன. மது விற்கும் பெண் கடனாகக் கொடுத்த பியருக்கு அறவிட முடியாது. அந்நாளில் வாற்கோதுமைக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கும், வெள்ளிக் கடனுக்கு ஐந்தில் ஒரு பங்கும் வட்டி என்பது வழக்கம். 300 லீற்றர் கொள்ளும் ஒரு கூர் வாற்கோதுமையைக் கடன் வாங்கிய குடியானவன் வெட்டுக்குப் பின் 400 லீற்றர் அளக்க வேண்டும். ஒரு போகம் பிழைத்தால் மனைவி பிள்ளைகளின் பக்கம் கை போகும் என்பது தெளிவு.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். கட்டளை எல்லாக் கடனையும் தொடவில்லை. வியாபாரக் கூட்டுக்குப் போட்ட முதலும், இலாபத்துக்காகக் கொடுத்த பணமும் அப்படியே நின்றன. வயிற்றுப்பாட்டுக்காக வாங்கிய கடன்தான் அழிந்தது. கடன் கொடுத்தவன் தப்புவதற்கு என்ன செய்வான் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். கடனை விற்பனைக்கு முன்பணம் என்றோ, பாதுகாக்கக் கொடுத்த பொருள் என்றோ ஏட்டில் மாற்றி எழுதி வைத்திருந்தால், சாட்சிகளைக் கொண்டு அதை நிரூபிக்கலாம். ஏட்டைத் திரித்தவன் ஆறு மடங்கு செலுத்த வேண்டும், செலுத்த முடியாவிட்டால் மரண தண்டனை. இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் கடன் கொடுப்போரின் வழிகளை நன்றாக அறிந்தவர்கள்.

இதை அரசனின் இரக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. அடிமையாகிவிட்ட குடியானவன் வரி கட்டமாட்டான், அரச சேவைக்கும் படைக்கும் வரமாட்டான். தன் ஆட்களைக் கடன்காரரிடமிருந்து மீட்பது அரசனுக்கும் தேவையாக இருந்தது. அதே கட்டளை, வீட்டில் பிறந்த அடிமைக்கு இந்த விடுதலை இல்லை என்றும் தெளிவாகக் கூறுகிறது. உங்கள் பேச்சில் அந்தப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள்.


மண்டூர் வயற்காரன்

விளங்கியது, ரீச்சர். வியாபார முதலை விட்டுவைத்ததுதான் அடுத்த போகத்துக்கு வழி. ஆனால் நுண்கடன் கிழமைக் கட்டணத்துக்காகத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அரசனுக்கு என்ன தேவை இருந்ததோ, வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளைக்கு அது ஒரு பொருட்டாக இருந்திராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.


திருக்கோவில் கணித ஆசிரியர் (பதில்)

காலக்கணக்குப் பற்றிய கேள்வியை ஒருவரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். 1595, 1531 இரண்டும் அச்சுப்பிழையல்ல; இரண்டும் ஒரே ஆதாரத்திலிருந்து வந்தவை. அந்த ஆதாரம் விடிவெள்ளி.

நினிவேயில் அசீரிய அரசன் அசூர்பனிபாலின் ஏட்டகத்தில் கண்டெடுத்த ஓர் ஏட்டில், 21 ஆண்டுகளாக வெள்ளிக்கோள் எந்த மாதம் எந்த நாளில் மேற்கே மறைந்தது, எத்தனை நாள் காணாமல் இருந்தது, எந்நாளில் கிழக்கே தோன்றியது என்று வரிசையாக எழுதியிருக்கிறது. முதற் பதிவின்படி, பதினோராம் மாதம் 15ஆம் நாளில் மறைந்த வெள்ளி மூன்று நாள் காணாமல் இருந்து 18ஆம் நாளில் கிழக்கே தோன்றியது. ஊற்றுகள் திறக்கும், மழை வரும், அரசர்கள் ஒருவருக்கொருவர் சமாதானத் தூது அனுப்புவார்கள் என்று அதற்குப் பலனும் எழுதியிருக்கிறது. அந்த ஏடு அம்மி-சதூக்காவுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பிற்பட்ட பிரதி. ஆயினும் இடையில் பொன் அரியணை ஆண்டு என்ற சொற்கள் வருகின்றன. அது அம்மி-சதூக்காவின் 8ஆம் ஆண்டின் பெயர் என்பதை 1912இல் கூக்லர் என்ற அறிஞர் கண்டுபிடித்தார். அவன் ஆண்டதும் 21 ஆண்டுகளே.

அப்படியானால் ஒரே விடை வரவேண்டுமே என்று கேட்பீர்கள். திருக்கோவில் கடற்கரையில் விடியற்காலை நின்றால் வெள்ளி கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கலாம். இன்று பார்த்த அதே தோற்றம் 8 ஆண்டு கழித்து ஏறக்குறைய அதே நாளில் திரும்பி வரும். ஆனால் பாபிலோனியர் சந்திர மாதத்தால் எண்ணினார்கள். 8 ஆண்டில் 99 சந்திர மாதங்கள், அதாவது 2,923 நாளும் சொச்சமும். வெள்ளியின் ஐந்து சுற்றுகளோ 2,919 நாளும் சொச்சமும்தான். ஆகவே ஒவ்வொரு 8 ஆண்டுக்கும் வெள்ளியின் தோற்றம் சந்திர நாட்காட்டியில் ஏறக்குறைய 4 நாள் முன்னே நகர்கிறது. இப்படி ஏழு தடவை நகர்ந்தால் 28 நாள், எட்டுத் தடவை நகர்ந்தால் 32 நாள். சந்திர மாதம் 29 அல்லது 30 நாள் என்பதால், 56 ஆண்டிலோ 64 ஆண்டிலோ பதிவுகள் மறுபடியும் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். அதனால்தான் அம்மி-சதூக்காவின் முதலாண்டு 1702 ஆகவும் இருக்கலாம், 56 ஆண்டு பிந்தி 1646 ஆகவும் இருக்கலாம், இன்னும் 64 ஆண்டு பிந்தி 1582 ஆகவும் இருக்கலாம் என்று கணக்குகள் பிரிந்தன. பாபிலோனின் வீழ்ச்சி முறையே 1651, 1595, 1531 என்று வரும். உங்கள் மூன்றாவது நூலின் 1499, மட்பாண்ட வடிவங்களின் வளர்ச்சியை முதன்மையாகக் கொண்டு 1998இல் முன்வைத்த கணக்கு.

துருக்கியில் குல்தெப்பே, அசெம்ஹூயூக் என்ற இடங்களின் அரண்மனை மரங்களிலுள்ள வளையங்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு, 1595ஐயோ அதைவிட 8 ஆண்டு பிந்திய 1587ஐயோ ஆதரிக்கிறது. கூட்டத்தில் நீங்கள் 1595 என்றே சொல்லலாம். ஐந்து அரசர்களின் ஆண்டுகளையும் அதே கணக்கில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் கவனம். ஒருவனுக்கு ஒரு நூலிலிருந்தும் மற்றவனுக்கு வேறு நூலிலிருந்தும் எடுத்தால் மகன் தந்தைக்கு முன் அரசனாகிவிடுவான்.


எருவில் வாசகன்

மிக்க நன்றி, சேர். இனி எஞ்சியிருப்பது முடிவுதான். சம்சு-தித்தானாவோடு எப்படி முடிப்பது? ஹிட்டைட்டுகள் வந்து அழித்துவிட்டு ஆண்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். அது சரிதானா?


கல்லடி ஆசிரியை

அழித்தார்கள் என்பது சரி, ஆண்டார்கள் என்பது பிழை. ஹிட்டைட்டு அரசன் முதலாம் முர்சிலி, இன்றைய துருக்கியிலுள்ள ஹத்தூசாவிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிக தூரம் வந்து பாபிலோனைச் சூறையாடிவிட்டுத் திரும்பிப் போனான். திரும்பியபின் அவனுடைய மைத்துனன் ஹந்திலியின் சதியில் கொலையுண்டான். இது ஹிட்டைட்டு அரசன் தெலிப்பீனுவின் கட்டளை ஏட்டில் இருக்கிறது. பாபிலோனியத் தரப்பில், சம்சு-தித்தானாவின் காலத்தில் ஹிட்டைட்டுகள் அக்காது நாட்டின் மேல் வந்தார்கள் என்ற ஒரு வரிதான் இருக்கிறது. மர்துக் தெய்வத்தின் திருவுருவம் ஹிட்டைட்டு நாட்டுக்குப் போய் 24 ஆண்டுகள் அங்கே இருந்ததாகப் பிற்கால ஏடு ஒன்று கூறும். அரியணை பின்னர் காசைட்டுகளுக்குப் போயிற்று, அவர்கள் கி.மு. 1155 வரை ஆண்டார்கள்.

ஆனால் முற்றுகை திடீரென்று வந்ததல்ல. சமாஷ், அதாத் தெய்வங்களிடம் குறி கேட்பதற்காக எழுதிய ஓர் ஏட்டில், சம்சு-தித்தானாவின் நகரம் தப்புமா என்று, ஏலாமியர், காசைட்டுகள், ஹனிகல்பத், சம்ஹரு என்று சுற்றியிருந்த படைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பயம் எத்தனை திசையிலிருந்து வந்தது என்பதை அந்தப் பட்டியல் காட்டும்.

உங்கள் பேச்சுக்கு வேண்டுமானால் ஒரு வீட்டைச் சொல்கிறேன். சிப்பார் நகரத் தொகுதியில் ஊர்-உத்து என்ற தலைமைப் பூசகர் இருந்தார். கோயிலில் ஒப்பாரிப் பாடல் பாடும் பூசகர்களின் தலைவர், தந்தை இனன்னா-மன்சூவிடமிருந்து அந்தப் பதவியைப் பெற்றவர். அவருடைய வீட்டை 1970களில் பெல்ஜியத் தொல்லியலாளர் தோண்டியபோது ஏறக்குறைய 2,000 ஏடுகள் கிடைத்தன. அம்மி-சதூக்காவின் 18ஆம் ஆண்டளவில், அதாவது பாபிலோன் விழுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தி, அந்த வீடு தீப்பற்றி எரிந்தது. எரியும் வீட்டுக்குள் யாரோ ஓடி, குவியலிலிருந்து சில ஏடுகளைத் தெரிந்தெடுத்து அள்ளிக்கொண்டு வாசலை நோக்கி ஓடியிருக்கிறார்கள். ஓடும் வழியில் பல ஏடுகள் கையிலிருந்து விழுந்துவிட்டன. குனிந்து எடுக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. அகழ்ந்தவர்கள் அவற்றை அறைக்கும் அறைக்கும் இடையில், விழுந்த வரிசையிலேயே கண்டெடுத்தார்கள்.